மிஸ் அகதாவின் நாற்காலி

கையில் முட்டை சாண்ட்விச் தட்டோடு மெர்வின் மூன்றாவது தடவையாகச் சமையலறையை எட்டிப் பார்த்தார். இப்போதும் ஹேசலைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். அவளைத் தனியாகப் பிடித்து ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் மனைவி நொயலீன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தார். நொயலீனை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

கல்லறையிலிருந்து எல்லோரும் நேராக டன்மோர் மாளிகைக்கு வந்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சீமான் ஒருவர் கட்டிய கல் வீடு, இப்போது அருங்காட்சியகம். பதினாறு வருஷமாகச் சம்பளமில்லாமல் இங்கே தூசி தட்டி, பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியவள் நொயலீன். அவளுக்கான கடைசி டீ இங்கேதான் நடக்க வேண்டும் என்று பொறுப்பாளர் ஹேசல் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். மெர்வின் இந்த வீட்டுக்குள் கால் வைத்தது இன்றுதான். இங்கே பேய் இருக்கிறதாம் என்று பஸ் ஏறிப் பார்க்க வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சாயங்காலம் மனைவி வீடு திரும்பியதும், "என்ன, பேய்க்கு டீ போட்டுக் குடுத்துட்டு வந்தியா?" என்பார். பதினாறு வருஷமும் அதே கேலி. அவளும் பதினாறு வருஷம் அதற்குச் சிரித்துவைத்தாள், பாவம்.

முன்கூடத்தில் கமிட்டித் தலைவர் கிளைவ் யாருக்கோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா அகதா உக்காரவே இல்லங்க. பைன் காய் வச்ச எடத்துலயே இருக்கு. நொயலீன் ஆஸ்பத்திரிக்குப் போனாளே, அன்னைலேருந்து! பேய்கூடத் துக்கம் காக்குது, பாத்துக்குங்க."

இங்கே பழைய நாற்காலிகள்மேல் 'உட்காராதீர்கள்' என்று அட்டை வைப்பதில்லை. முள்முள்ளாக ஒரு பைன் மரக் காயை வைத்துவிடுவார்கள், ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். மாடியில் ஜன்னலோரத்து நீல நாற்காலியில் வைக்கிற காய் மட்டும் காலையில் தரையில் கிடக்கும், மெத்தையில் யாரோ உட்கார்ந்த குழி இருக்கும். அந்த வீட்டின் மூத்த மகள் மிஸ் அகதா யாருக்காகவோ காத்திருந்து அந்த நாற்காலியிலேயே உயிரை விட்டாள் என்றும், அவள்தான் வந்து உட்காருகிறாள் என்றும் ஊரே சத்தியம் செய்யும்.

மெர்வின் சாண்ட்விச் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார். போன வியாழன் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நொயலீன் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கிழவா, அந்தப் பேய் நான்தான்."

"மருந்து ஏறியிருக்கு ஒனக்கு. தூங்கு."

"ஒளறல, கேளு. ஒங்கம்மா படுக்கைல கெடந்தாங்கல்ல, அப்ப ஆரம்பிச்சது. காலைல இங்க வந்ததும் ஒரு கால் மணி நேரம் அதுல உக்காருவேன். யாரும் கூப்பிடாத எடமா இருந்துச்சு. ஒரு நாள் காயைத் திருப்பி வைக்க மறந்துட்டேன். ஹேசலே அகதாதான்னு நம்பிட்டா. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான்தான்னு சொல்றது? சாவியவே எங்கிட்ட குடுத்து வச்சிருக்கா. நீ சொல்லிடு மெர்வ். பொய்க்காரியா நான் போகக் கூடாது."

"வீட்டுக்கு வந்ததும் நீயே சொல்லேன்."

அவள் அவர் மணிக்கட்டை விட்டாள். மறுநாள் காலை அவர் டீ வாங்கப் போயிருந்தபோது போய்விட்டாள்.

யாரும் கூப்பிடாத இடம். அம்மா படுக்கையில் கிடந்தது பதினோரு வருஷம். வீட்டில் நொயலீனைக் கூப்பிட்ட குரல்கள் இரண்டு. அதில் ஒன்று தன்னுடையது என்பது மெர்வினை ஐந்து நாளாகத் தூங்கவிடவில்லை.

கிளைவ் அவர் தோளைத் தட்டினார். "நொயலீன் பேரை வாசல் பலகைல பொறிக்கப் போறோம், மெர்வ். மொதப் பேரே அவதான்!"

மெர்வின் தலையாட்டினார். சொன்னால் அந்தப் பேர் போகும். சொல்லாவிட்டால் அவள் கேட்ட கடைசி வார்த்தை போகும். யாரோ லாமிங்டன் கேக்கை நீட்டினார்கள், வாங்கி அப்படியே கையில் வைத்திருந்தார்.

நாலு மணிக்குக் கூட்டம் கரைந்தது. சமையலறையில் மலைபோல் குவிந்த கோப்பைகளுக்கு முன்னால் ஹேசல் மட்டும் நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தவள். விடிகாலையிலிருந்து நின்றபடியே இருக்கிறாள்.

"ஹேசல், நொயலீன் ஒங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா."

"சொல்லு."

"மேல அந்த நாற்காலில உக்காந்தது அகதா இல்ல. நொயலீன்தான். மன்னிச்சிடச் சொன்னா."

சோப்பு நுரைக்குள் ஹேசலின் கைகள் நின்றன. வெளியே ஒரு மாக்பைப் பறவை கத்தி ஓய்ந்தது.

"அசடு," என்றாள் ஹேசல். "கடைசி வரைக்கும் இதையா மனசுல போட்டு வச்சிருந்தா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"பேய் இஞ்சி பிஸ்கட் தின்னுமா மெர்வ்? மெத்தையெல்லாம் துணுக்கு." கையை உதறினாள். "ஒரு நாள் கிளைவ் வந்து அந்தக் குழியப் பாத்துட்டு, 'யாரு இதுல உக்காந்தது'ன்னு குதிச்சான். நொயலீன் மூஞ்சில ரத்தமே இல்ல. தெரிஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பான். வாய்க்கு வந்ததச் சொன்னேன், 'மிஸ் அகதாவா இருக்கும்'னு. அந்த அம்மா செத்தது சிட்னில, காய்ச்சல் வந்து. இந்த மடையன் நம்பித் தொலைச்சான். அவன் சொல்லி ஊரே நம்பிடுச்சு."

மெர்வின் சிரித்துவிட்டார், ஐந்து நாளில் முதல் தடவையாக. சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

"தெரியும்னு அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா மறுநாள் உக்காந்திருப்பாளா?"

ஹேசல் ஒரு கோப்பையை அலசிக் கவிழ்த்தாள்.

"ஒம்போது மணிக்கு நான் உள்ள வரணும். கேட்டுக்கு வெளிய கார்லயே இருப்பேன். அவ ஜன்னலை விட்டு எழுந்திருக்கிறது அங்கேருந்து தெரியும். அதுக்கப்புறம்தான் எறங்குவேன்."

"பதினாறு வருஷமா?"

"லேட்டா வர்றேன்னு கிளைவ் ரெண்டு தடவ லெட்டர் குடுத்தான். குடுக்கட்டும். குளிர்காலத்துலதான் கொஞ்சம் கஷ்டம், கார்ல ஹீட்டர் வேலை செய்யாது." மூக்கை முழங்கையால் துடைத்தாள். "பலகைல அவ பேரு இருக்கட்டும். நீ போய் அவன்கிட்ட ஒளறி வைக்காத."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது மெர்வினுக்கு. தன் வீட்டில் ஆறு நாற்காலி. ஒன்றில்கூட நொயலீனை உட்காரச் சொன்னதாக ஞாபகமில்லை. இவள் சொல்லாமலே உட்காரவைத்திருக்கிறாள், குளிரில் வெளியே காத்துக்கொண்டு. நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்தினால் சொல்கிற வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டார்.

மேஜைக்கடியில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு, ஹேசல்."

"இவ்ளோ கப்பு கெடக்கே."

"உக்காருன்றேன்ல."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, குதிகாலால் அழுத்தி ஷூவைக் கழற்றினாள்.

முன்கூடத்திலிருந்து கிளைவ் கத்தினார். "ஹேசல்! மேசை விரிப்பெல்லாம் எங்க வைக்க?"

அவள் எழுவதற்குள் மெர்வின் வாசலுக்குப் போனார். "அங்கயே வையி, கிளைவ். நான் வந்து எடுத்துக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து, துக்கத்துக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி மாட்டினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீரில் கைவிட்டார், இன்னும் சூடு இருந்தது. ஹேசலுக்கு முதுகைக் காட்டியபடி கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவி, சத்தம் வராமல் கவிழ்த்து வைத்தார்.