தராசில் ஏறிய தும்பி

சுகிர்தாவுக்கு நடந்த அநியாயம் இதுதான்: அவள் எழுதி முடித்த மென்பொருளில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு கல்லைக் கட்டிவிட்டார்கள். கட்டியவர் மேலாளர் நெல்சன். அலுவலகக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்.

ஈரோட்டில் மென்பொருளை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். மஞ்சள் மண்டிக்காரர்கள் வேறு எப்படி வாங்குவார்கள்? அதற்குத் தோதாக நெல்சனின் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே பழைய மென்பொருள் சட்டகத்தில், அதாவது ஃபிரேம்வொர்க்கில், கட்டிவந்தது. பில் போடும் பக்கத்தை மட்டும் இறக்கவே லாரியும் சுமைத் தொழிலாளர்களும் வேண்டும். திறப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் நல்ல கனம்.

சுகிர்தா, தும்பி என்ற புது ஃபிரேம்வொர்க்கில் எழுதினாள். மண்டியின் ஏலம், இருப்பு, பில் எல்லாம் அதில் அடக்கம். எழுதி முடித்ததும் அது மேசையை விட்டு எழும்பி, மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றது. துப்பட்டாவை வீசிப் பிடித்து இறக்கினாள். மறுநாள் வந்து பார்த்தால், கல்லோடு தரையில் கிடந்தது.

"தும்பி கிம்பியெல்லாம் காலேஜ் ப்ராஜெக்டுக்குச் சரிம்மா," என்றார் நெல்சன். "நிஜ வியாபாரம்னா ஒரு கனம் வேணாமா?"

"கனம்தான் வேணும்னா கல்லுக்கே பில் போடுங்க சார். என்னை எதுக்கு வேலைக்கு வெச்சீங்க?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல."

"வேலைக்கும் இல்ல சார். ஒரே ஒரு தப்பு காட்டுங்க, கல்லை நானே சுமந்துட்டு வரேன்."

அவர் மத்தியானம் வரை தேடினார். கிடைக்கவில்லை. மண்டிக்குக் கல்லை அவரே சுமந்து வந்தார்.

மண்டி முதலாளி முத்துரத்தினம் தராசில் வைத்துப் பார்த்தார். தட்டு தணிந்தது. "பரவாயில்லீங்க, கனமாத்தான் இருக்குது," என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நெல்சன் சிரித்தார்.

இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால், இனி எழுதும் ஒவ்வொன்றுக்கும் கல் கட்டுவார்கள். பாராட்டும் கல்லுக்கே போகும். கல் அப்படி என்ன எழுதிக் கிழித்தது?

"அது கல்லோட கனமுங்க," என்றாள் சுகிர்தா. "என்னோடது இது." முடிச்சை அவிழ்த்தாள்.

தட்டு மேலே போய் உத்தரத்தில் முட்டியது. உத்தரம் கூரையைத் தூக்க, கூரை சுவர்களைத் தூக்க, மண்டி மூட்டைகளோடும் ஆட்களோடும் தரையை விட்டுக் கிளம்பியது. அதற்குள் தும்பியில் அன்றைய ஏலம் முடிந்து, விவசாயிகள் கையில் பில் இருந்தது. ஒரு பைசா பிசகில்லை. கல்லைக் கட்டிப்பிடித்திருந்த நெல்சன் மட்டும் கீழேயே நின்றுவிட்டார்.

"ஏதாவது கோளாறுன்னா யாரைம்மா கூப்பிடறது?" என்று அங்கிருந்து கத்தினார்.

"என்னைத்தான் சார்!"

முத்துரத்தினம் ஜன்னல் வழியாகக் காவிரியை எட்டிப் பார்த்தார். பேனாவை மூடவில்லை.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மஞ்சள் நனைஞ்சா என் பொழப்பு போச்சு. இத்தனை ஒசரத்துல மழை வந்தா என்ன பண்றதுங்க?"

சுகிர்தா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"மழை நமக்குக் கீழதானுங்க பெய்யும். நீங்க கையெழுத்தைப் போடுங்க."