ஆறு சென்சர்களும் ஒரு வாளியும்

1.

இந்தக் கதையை முதலில் எழுதியது நானல்ல, மஸாஹிரா. கட்டுகஸ்தோட்டையில் விமான இயந்திரம் படிப்பிக்கும் சின்னப் பயிற்சிக்கூடம் ஒன்றில் இளைய போதனாசிரியை. அவள் இதைக் கதையாக எழுதவில்லை. மாணவர்களுக்கான குறிப்பாக, ஒன்பது வரியில் எழுதினாள். நான் மாநகர சபையில் எழுதுவினைஞன், மூன்று சிறுகதைத் தொகுதி போட்டவன். அந்த ஒன்பது வரியைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையில்லை.

குறிப்பைக் கொண்டுவந்தவன் திலீபன். என்னோடு படித்தவன், அந்தக் கூடத்தில் பதினொரு வருடமாக மூத்த போதனாசிரியன். மேற்பார்வையாளராக அவன் கையெழுத்துப் போட்டால்தான் குறிப்பு பணிப்பாளரிடம் போகும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு இந்த வருடம் ஒரே ஓர் இடம். அது திலீபனுக்கா மஸாஹிராவுக்கா என்பதைப் பணிப்பாளர் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்.

"கொஞ்சம் திருத்திக் குடு மச்சான். 'திலீபனின் வழிகாட்டலில்'னு ஒரு வரி சேத்துக்க. அந்த வாளி கதைய எடுத்துரு. வாளி வச்சவன்னு பேர் எடுக்கவா பதினொரு வருஷம் வேல செஞ்சேன்?"

(வாளியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: மகாவலிக்கு மேல் பனி விலகாத ஒரு காலையில், மௌனத்தின்

வேண்டாம். அவள் குறிப்பில் மகாவலி இல்லை, பனியும் இல்லை.

இரண்டாம் முயற்சி: இயந்திரம் திங்கட்கிழமை இயங்க மறுத்தது.

இது பரவாயில்லை. (அவளுடைய முதல் வரியேதான். ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன்.)

அந்த இயந்திரத்தை ஒரு கணினிப் பெட்டி கட்டுப்படுத்துகிறது. வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் அதற்குச் சொல்ல ஆறு சென்சர்கள். ஆறுக்கும் ஒரே கம்பியில் ஐந்து வோல்ட் மின்சாரம். ஒரு சென்சர் உள்ளே ஷோட் சர்க்கிட் ஆனால் அந்த மின்சாரம் முழுவதையும் அது இழுத்துக்கொள்ளும். மற்ற ஐந்தும் நல்லபடி இருந்தாலும் பெட்டி ஆறின் மேலும் பழி போடும்.

பழுதானதைக் கழற்றினால் ஐந்து வோல்ட் திரும்பி வரும். இது திலீபனுக்குத் தெரியும். ஒரு சென்சரின் பிளக்கைக் கழற்றினான், மீட்டரைப் பார்த்தான், ஐந்து வரவில்லை, திரும்பச் செருகினான். பிறகு அடுத்தது. ஆறையும் இப்படிப் பார்த்து முடித்தபின், பெட்டிதான் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தான். புதுப் பெட்டி வர நான்கு மாதமாகும். அதுவரை மாணவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை இல்லை. அவனுக்கு அதில் பெரிய கவலை இருக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

3.

மறுநாள் மஸாஹிரா கேட்டாள்.

"சேர், நானும் ஒருக்கா பாக்கவா?"

"பாரு. பாக்கிறதுக்கு என்ன?"

திலீபன் பிளேன்டீக் கோப்பையோடு பக்கத்தில் நின்றான். எட்டு மாணவர்களும் நின்றார்கள். அவள் சுவர்ப் பக்கமாகப் போய் ஒரு பிளக்கைக் கழற்றினாள். ஐந்து வரவில்லை. அவள் திரும்பச் செருக மறந்துபோய்

[என் முதல் பிரதியில் இப்படித்தான் இருந்தது. மறந்துபோய்.]

திரும்பச் செருகாமலே அடுத்ததைக் கழற்றினாள். மீட்டரில் ஐந்து வந்து நின்றது.

"ரெண்டு பழுது சேர். ஒன்ன மட்டும் கழட்டினா மத்தது இழுத்துப் புடிக்கும். அதான் ஒங்களுக்கு வரல்ல."

அவள் குத்திக்காட்டவில்லை, விளக்கம்தான் சொன்னாள். ஆனால் எட்டுப் பேருக்கு முன்னால் 'ஒங்களுக்கு வரல்ல' என்ற சொல் அவனைச் சுட்டது. நான்கு மாதம் மிச்சம் என்று மாணவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று அவன் நினைத்தான். "கெட்டிக்காரி" என்றான். அதைச் சொல்லப் பட்ட பாட்டை எனக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டான்.

4.

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. எங்கோ பழுது. திலீபன் செய்தமாதிரியே நானும் தேடினேன்.

மஸாஹிராவை எடுத்துவிட்டு எழுதினேன். கதையே இல்லை. திரும்ப வைத்தேன். திலீபனை எடுத்தேன். அப்போதும் 'மறந்துபோய்' அப்படியே கிடந்தது. அதை எழுதியவன் திலீபன் இல்லையே. அவனையும் திரும்ப வைத்தேன்.

பழுது இரண்டு என்று அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு அவளுடைய கையின் மேல் பொறாமை. எனக்கு அவளுடைய வரியின் மேல்.

முடிவு அ: நான் அவன் கேட்ட வரியைச் சேர்க்கிறேன். திலீபன் விமானம் ஏறுகிறான்.

முடிவு ஆ: திலீபன் மனம் திருந்தி, கண் கலங்கி (பொய். அவனை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.)

முடிவு இ: நான் மனம் திருந்தி

5.

அவளுடைய குறிப்பை இவ்வளவு நேரமும் உங்களிடம் காட்டவில்லை. காட்டினால் என் கதையை யார் படிப்பார்கள் என்ற பயம்தான். நாளைக் காலை திலீபன் அதை வாங்கிப்போக வருவான். திருத்தாமல்தான் கொடுப்பேன். அதற்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குரிய இடம் கீழே வெறுமையாக இருக்கிறது. அவனையும் என்னையும் ஒன்றாகக் கழற்றி வைத்துவிடுகிறேன். இனி அவளுடையது, ஓர் எழுத்தும் மாற்றாமல்:

இயந்திரம் திங்கட்கிழமை இயங்கவில்லை.
ஆறு சென்சர்களும் பழுது என்று பெட்டி காட்டியது.
ஆறும் ஒரே நாளில் பழுதாவது அரிது. ஆகவே அவற்றின் பொது மின்சாரத்தைச் சோதித்தோம்.
திலீபன் சேர் ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகிப் பார்த்தார். பழுது ஒன்று என்றால் அந்த முறை போதும்.
கூரை ஒழுகும் இடத்தில் அவர் ஒரு வாளி வைத்திருந்தார்.
வாளிப் பக்கம் இருந்தவை இரண்டு சென்சர்கள்.
ஆகவே பழுதும் இரண்டாக இருக்கலாம் என்று நினைத்து, முதலில் கழற்றியதைத் திரும்பச் செருகவில்லை.
இரண்டுக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது.
அந்த வாளி இல்லாவிட்டால் நானும் பெட்டியைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன்.

மேற்பார்வையாளர் கையொப்பம்: ..............................