கூரைமேல் குடை

குடைத் தொழிற்சாலையை மூடி, அந்தக் கட்டடத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள். மொட்டைமாடியில் நின்ற ராட்சதக் குடை மட்டும் அசையவில்லை. பொழுது சாய்ந்தால் சிவப்பு நியான் குழாய்கள் ஒவ்வொன்றாக எரிந்து குடை விரியும், பிறகு மடங்கும், மறுபடி விரியும். "குடைக்கிட்ட இறக்கி விடுங்க" என்றால் எந்த டாக்ஸிக்காரரும் மறுபேச்சுப் பேச மாட்டார்.

அந்தக் குடையின் கம்பிகளை வருஷம் தவறாமல் பற்றவைத்துக் கொடுப்பவள் எதிர்ப் பட்டறை வெல்டர். அதை இறக்கி எடைக்குப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பின்னவள் முன்னவளுக்கு நாத்தனார். வீட்டு விசேஷங்களில் என்ன பேச்சு ஓடும் என்று சொல்லவே வேண்டாம்.

"குடைக்கு நேர் கீழ இருக்கிற என் படுக்கையறை முழுக்கச் சிவப்பு, அண்ணி. திரை போட்டும் தூக்கமில்ல. துரு வேற கொட்டுது. யார் தலையிலாவது விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள் நாத்தனார்.

வெல்டர் எழுந்தாள். "துருவ நான் பாத்துக்கறேன். அதுக்கு எப்படியும் இறக்கணும், இறக்கறேன். அடுத்த கூட்டம் வரைக்கும் மாடி காலியாவே இருக்கட்டும். அப்பவும் வேணாம்னு சொன்னீங்கன்னா, என் கையாலயே வெட்டிப் போடறேன்."

வீட்டுக்கு வந்ததும் புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டார். "வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டியே! கழுத்து சுளுக்கினாத்தான் நம்ம ஜனம் மேல பாக்கும்."

"நிழலின் அருமை வெயிலில் தெரியும். பாத்துக்கிட்டே இருங்க."

கிரேன் வந்தது. குடை பட்டறையில் வந்து படுத்தது. அவள் துருவைச் சுரண்டினாள், இற்றுப்போன கம்பிகளை மாற்றினாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படித் துடைத்ததில்லை. ஆனால் தெருவில் ஒருவர்கூட 'குடை எங்கே?' என்று கேட்கவில்லை. நாத்தனாரோ தினமும் காலையில் பட்டறை வாசலில் நின்று, "நல்லாத் தூங்கினேன், அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். வெல்டருக்குப் பயமெல்லாம் இல்லை. இரும்பு வெட்டும் கருவியை மட்டும் கண்ணில் படாமல் மூலையில் தள்ளி வைத்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. போன் அடித்தது.

"அண்ணி, நான் பஸ் டிப்போல நிக்கறேன். வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"அவ்வளவு தூரம் எப்படிப் போன? தூங்கிட்டியா?"

"இல்ல, பின்னிக்கிட்டு வந்தேன்."

நாத்தனார் பஸ்ஸில் உட்கார்ந்தால் கம்பளி நூலை எடுத்துவிடுவாள். தலை நிமிரமாட்டாள். பஸ் திரும்பியதும் மடியிலிருக்கும் நூல்மேல் சிவப்பு விழும். விழுந்தால் எழுந்து படிக்குப் போவாள். இப்போது சிவப்பும் விழவில்லை, அவளும் எழவில்லை.

"இன்னைக்கு மட்டுமா?"

"மூணாவது தடவை. மத்த நாள் டாக்ஸி கிடைச்சுது."

வெல்டர் ஸ்கூட்டரை எடுத்தாள். சொல்லிக்காட்ட நாக்கு துறுதுறுத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது: "சிரிச்சுடுங்க அண்ணி. அடக்கினா வயிறு வலிக்கும்." இருவரும் மழையில் நனைந்தபடி சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

மறுநாள் கூட்டத்தில் பார்த்தால் ஊரே புகாரோடு வந்திருந்தது. மூன்றாம் மாடி டாக்டருக்கு நோயாளிகள் வழி தெரியாமல் பக்கத்துத் தெருவில் அலைகிறார்களாம். கூரியர்காரர் பொட்டலத்தை எதிர்க் கட்டடத்தில் கொடுத்துவிட்டாராம். 'குடை வேண்டும்' என்பதற்கு முதலில் உயர்ந்தது செயலாளரின் கை.

"நீங்களா? என்னங்க ஆச்சு?" என்றார் டாக்டர்.

"டிப்போ ரொம்பத் தூரம், சார்."

யாருக்கும் புரியவில்லை. வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் நாத்தனார் பட்டறைக்கு வந்தாள். "எல்லாம் சரி, என் ஜன்னலுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வெல்டர் குடையின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். அந்த ஜன்னலின் அகலத்துக்குச் சரியாக ஒரு தகரத் தடுப்பு பற்றவைக்கப்பட்டிருந்தது. கறுப்புச் சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது.

"இத எப்பச் செஞ்சீங்க?"

"இறக்கின அன்னைக்கே."

"அப்பவே காட்டியிருந்தா, அன்னைக்கே விட்டிருப்பேனே!"

"விட்டிருப்ப. குடை வேணும்னு கை தூக்கியிருக்க மாட்ட" என்றாள் வெல்டர், கிரேன்காரருக்குப் போன் போட்டபடியே.