ஒரு சோடி குழந்தைக் காப்பு

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. வவுனியா போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிவரூபி சொன்னது. மாங்குளத்தில் தொடங்கி வவுனியா வருவதற்குள் சொல்லிவிட்டாள். நான்தான் எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம் இது: 'தங்கத்தின் ஒளியில் அவள் முகம் மின்ன…'

அடித்துவிட்டேன். நகைக்கடையில் வேலை செய்கிறவளிடம் கேட்டால் தங்கத்தைப் பற்றிச் சொல்லமாட்டாள், கால் உளைவைப் பற்றித்தான் சொல்லுவாள்.

2

சிவரூபிக்கு இருபத்தெட்டு வயது. ஊர் துணுக்காய். கிளிநொச்சியில், ஒரு பெரிய கொம்பனியின் நகைக்கடைக் கிளையில் நாலு வருடமாக நிற்கிறாள். 'நிற்கிறாள்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழுவரை, ஆளில்லாத நேரத்திலும் கதிரையில் இருக்கக்கூடாது. சொந்த நகை போடக்கூடாது. கடை தருகிற கவரிங் மாலைதான். வேலை முடிந்து போகும்போது கைப்பையைத் திறந்து காட்டவேண்டும். (முதல் வாரம் அழுதாளாம். பிறகு கேட்பதற்கு முன்பே திறக்கப் பழகிவிட்டாள்.)

எல்லாவற்றுக்கும் மேல், வந்தவரை வெறுங்கையோடு விடக்கூடாது. அதில் அவள் கெட்டிக்காரி. முகாமையாளர் பிரதாபன் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லுவார்: "சிவரூபி கதைச்சா ஒருத்தரும் எழும்பிப் போகாயினம். பாத்துப் பழகுங்கோ."

3

நாகேஸ்வரி வந்தது ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை. உடையார்கட்டில் வயல் செய்கிறவர். இளைய மகள் வயசுக்கு வந்திருந்தாள்; சாமத்தியச் சடங்குக்குச் சங்கிலி வேண்டும். மாற்றிக்கொள்ள, லேஞ்சித் துணியில் சுற்றி ஒரு சோடி குழந்தைக் காப்புக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"பல்லு முளைக்கேக்க கடிச்சது. மூத்தவளின்ர. கௌசலா. பத்து மாசம். முள்ளிவாய்க்கால்ல…"

(இந்த வசனத்தை முடிக்க மூன்று தடவை முயன்றேன். நாகேஸ்வரி முடிக்கவில்லை. நானும் விட்டுவிடுகிறேன்.)

"உருக்கிப்போடுவியளோ, பிள்ளை?"

மாற்றுக்கு வருகிற பழைய நகை அன்று பின்னேரமே முத்திரையிட்ட பையில் கொழும்புக்குப் போய்விடும். சிவரூபிக்கு அது தெரியும். நாகேஸ்வரியின் விரல்கள் லேஞ்சியைத் திரும்ப மடிக்கத் தொடங்கியதையும் அவள் கண்டாள்.

"இல்லையம்மா, உடன உருக்கமாட்டம். கொஞ்சக் காலம் வைச்சிருப்பம்."

"அப்ப காலபோக நெல்லு வெட்டு முடிய, மாசியில வந்து திருப்பி எடுக்கலாமோ?"

"ஓம் அம்மா. வாங்கோ."

விரல்கள் லேஞ்சியை விட்டன.

4

இந்த இடத்தில் எனக்குச் சிவரூபியைக் காப்பாற்ற ஆசை வந்தது. ஒரு பிரதியில் பிரதாபன் அவளை மிரட்டிப் பொய் சொல்லவைத்தார். இன்னொன்றில் அவள் காப்பை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்தாள். தொலைபேசியில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இல்லை அண்ணை," என்றாள். "ஒருத்தரும் சொல்லேல்லை. வாயில தானா வந்துது. நாலு வருசம் அதைத்தானே பழகினனான்."

அடுத்த பத்து மாதமும் கடையின் கண்ணாடிக் கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாசி கழிந்ததும், இனி வரமாட்டா என்று நினைத்து

(இல்லை. அவள் அப்படி நினைக்கவில்லை. அது என் நப்பாசை.)

5

பங்குனியில் நாகேஸ்வரி வந்தார். இந்தமுறை நெல்லு நல்ல விளைச்சல் என்று சொல்லிக்கொண்டே வெறும் லேஞ்சியைக் கண்ணாடி மேசையில் விரித்தார்.

'கொழும்பில தேடச் சொல்லுறன், பிறகு வாங்கோ' என்றால் போதும். அவர் இன்னும் பத்துத் தடவை வந்து போயிருப்பார். சிவரூபியின் வாயில் அந்த வசனம் தயாராகவே இருந்தது.

"அம்மா, நான் பொய் சொன்னனான். அண்டைக்கே அனுப்பிப்போட்டம். உருக்கியாச்சு."

நாகேஸ்வரி ஏசவில்லை. அழவுமில்லை. கண்ணாடிக்குக் கீழே அடுக்கியிருந்த புதுக் காப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இதுகளுக்க எங்கயாவது இருக்குமோ?"

ஒரு நேரத்தில் மூன்று நகைக்கு மேல் வெளியே எடுக்கக்கூடாது என்பது கடைச் சட்டம். சிவரூபி குழந்தைக் காப்புத் தட்டை முழுதாக எடுத்து அவர்முன் வைத்தாள். நாகேஸ்வரி ஒவ்வொரு சோடியாக எடுத்தார், உள்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார், வைத்தார். பிரதாபன் மேல்மாடியிலிருந்து இறங்கிவந்து பக்கத்தில் நின்றார். நாகேஸ்வரி கடைசிச் சோடிவரை தடவிப் பார்த்தார்.

6

வேலை போகவில்லை. பிரதாபன், "தட்டை உள்ள வையும்" என்று மட்டும் சொன்னார். நாகேஸ்வரி மன்னிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அதை எழுத நான் யார் என்று கிழித்துவிட்டேன்.

உண்மையில் அவர் கதவுவரை போய்த் திரும்பி வந்திருக்கிறார்.

"பிள்ளை, இனியும் என்னைப்போல ஒருத்தி வந்து உருக்குவியளோ எண்டு கேட்டா, என்ன சொல்லுவாய்?"

பிரதாபன் இன்னும் அங்கேதான் நின்றார்.

பஸ்ஸில் சிவரூபி கதையை அந்த இடத்தில் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். "நீங்களெண்டா என்ன சொல்லியிருப்பியள், அண்ணை?"

நான் ஏதோ சொன்னேன். அது சரியில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. நாகேஸ்வரி கேட்டுவிட்டு நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.