சூடான சுருளுக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சோதனைக்கூடம் இருப்பதாக வைத்துக்கொண்டேன். அங்கே ஒவ்வொரு சோதனைத் தாளிலும் இரண்டு கட்டங்கள்: சோதித்தவர், சாட்சி. சோதித்தவர் சாயங்காலம் தாளை நீட்டுவார். சாட்சி டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அறைக்குள் அவர் எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானத்தை மாற்றும் கனவோடு ஜென்சி…’

வேண்டாம். ஜென்சிக்குக் கனவு கிடையாது, வேலைதான் உண்டு.

2

இருநூறு பேர் ஏறும் விமானத்தை மின்சாரத்தில் பறக்கவிட மெகாவாட் கணக்கில் சக்தி வேண்டும். வோல்ட்டைக் குறைத்தால் கம்பியைத் தடிமனாக்க வேண்டும். அந்தச் செம்பின் பாரத்தில் விமானம் எழும்பாது. ஆகவே மூவாயிரம் வோல்ட். ஆனால் மேலே காற்று மெலிந்திருக்கும். மெலிந்த காற்றில் கம்பிக்குக் கம்பி கண்ணுக்குத் தெரியாத பொறிகள் தாவும். கரையான் மாதிரி கம்பியின் காப்பு உறையை அரிக்கும். (விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.) அதனால் மோட்டார் சுருளை இரும்புத் தொட்டியில் அடைத்து, காற்றை உறிஞ்சி, முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தைத் தரையிலேயே உண்டாக்கிச் சோதிக்கிறாள் ஜென்சி. நாள் முழுக்க அவளும் பம்ப் சத்தமும்தான்.

3

போன வாரம் ஹீட்டர் பழுது. சுருளைக் குளிர்ச்சியாகவே சோதித்தாள். பாஸ். சுருளை வடிவமைத்த மெர்வின் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில் அவளுக்கு உறைத்தது. ஓடும் மோட்டார் நூற்றைம்பது டிகிரி சுடும். சூட்டில், கம்பிகளுக்கு நடுவே இருக்கும் காற்று இன்னும் மெலியும். அவள் சோதித்தது ஓடாத மோட்டாரை.

திங்கட்கிழமை ஹீட்டரைச் சரிபண்ணிச் சூடாக்கினாள். இரண்டாயிரத்து நூறு வோல்ட்டிலேயே, பொறிகளைக் காட்டும் திரை முழுக்கப் புள்ளிகள். மறுநாள் சுருள் விமானத்துக்குப் போக வேண்டியது.

4

மெர்வின் லீவில், பெருங்களத்தூர் வீட்டில் இருந்தான். போன் செய்தாள்.

“பாஸ் ஆனத யாராவது திருப்பி டெஸ்ட் பண்ணுவாங்களா ஜென்சி? உனக்கு வேற பொழப்பே இல்லையா?” என்று சிரித்தான்.

இரண்டாயிரத்து நூறு வோல்ட் என்றாள் அவள். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

“வேற யார் பார்த்தா?”

“யாரும் இல்ல. போன வாரமும் யாரும் இல்லயே மெர்வின். நீ கையெழுத்து மட்டும்தான போட்ட.”

[இங்கே அவன் கத்திவிட்டுப் போனை வைத்ததாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. ஆறு மாதம் அந்தச் சுருளோடு கிடந்தவன்.]

“சரி,” என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

5

அவள் புதுத் தாளைக் கிழித்துப் போடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. நிர்வாகம் அவளைப் பாராட்டுவதாக இன்னொன்று. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மெர்வின் வந்து நிற்பதாக எழுத ஆசைதான். ஆனால் அவளைத் தனியாக உட்காரவைத்ததே நான். இப்போது மனம் பொறுக்காமல் துணைக்கு ஆள் அனுப்பினால், அது என் சமாதானத்துக்குத்தான்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. சுருளை அனுப்ப வேண்டாம் என்று மெயில் போட்டாள். புதுத் தாளில் அந்த வோல்ட் எண்ணை எழுதித் தன் கட்டத்தில் கையெழுத்திட்டாள். பிறகு, யாராவது வந்தால் பார்க்கட்டும் என்று, ஆறிய தொட்டியை மறுபடி சூடாக்கத் தொடங்கினாள்.

சூடேற இரண்டு மணி நேரம் ஆகும். தாம்பரம் நெரிசலைச் சேர்த்தாலும் பெருங்களத்தூரிலிருந்து வர அவ்வளவு ஆகாது. மீதியை நீங்கள் எழுதுங்கள். அவனை வரவழைத்தால், வாசலில் நின்று பேனாவைக் கேட்க விடாதீர்கள். உள்ளே ஒரு நாற்காலி போடுங்கள்.