காட்டுக்குள் விடாத சர்வர்

ரவுட்டரைத் துடைக்கும்போது பின்னாலிருந்த துளையில் ஏதோ அழுக்கு என்று ஊசியை விட்டேன். அது ரீசெட் பொத்தானாம். ஒருவழியாக அதைச் சரிசெய்து, கணினியில் எங்கள் விளையாட்டைத் திறந்தால், ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்றது.

மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனபின் நாங்கள் மனம்விட்டுப் பேசுகிற ஒரே இடம் அந்த விளையாட்டின் காடுதான். அங்கே குடிசை கட்டிக்கொண்டு, ஓநாய்களிடம் சிக்காமல் பிழைத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காட்டை நடத்தும் சர்வர் அவள் கணினியில் ஓடுகிறது.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். “உங்க லைன் நல்லாதான் இருக்கு சார். எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” நன்றாக இருப்பதை நான் எதற்கு அணைக்க வேண்டும்? விளையாட்டுக் கம்பெனி, என் கணினியின் காவல்காரனான ஃபயர்வால்மேல் பழியைப் போட்டது. அதற்கும் பணிந்துபோய் அனுமதி கொடுத்தேன். விளையாட்டையே அழித்து மறுபடி ஏற்றினேன். அதே வாசகம் பல்லிளித்தது.

“தப்பு யார்மேலன்னு ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டேங்கிறான்” என்று மனைவியிடம் பொரிந்தேன்.

“ஊசியால குத்தினவரை விட்டுட்டு ஊரையே திட்டுங்க” என்றாள்.

கடைசியில் மகளையே அழைத்தேன். “உன் சர்வராவது உயிரோட இருக்கா, இல்லையா?”

“நெட்டுக்கு ஒண்ணுமில்லப்பா. நான்தான் உங்களை பிளாக் பண்ணி வச்சிருக்கேன். நான் குடிசையை விட்டு வெளியே கால் வச்சாலே, முன்னாடி ஓடி எல்லா ஓநாயையும் நீங்களே அடிச்சுடுறீங்க. தனியா நாலு தடவை செத்துப் பாத்துட்டு, நானே கூப்பிடுறேன்.”