நாலு தையல்

கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நீச்சல் குளத்தின் அடிவரை நேராக இறங்குவது நண்பகலில் இருபதே நிமிடம். அதில் ஏழு நிமிடம் போய்விட்டது. போட்டோக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேமராவைத் தண்ணீர் புகாத கூட்டுக்குள் பூட்டி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, குளத்துக்குள் நின்றபடியே கரையைப் பார்த்தாள்.

“சித்தி, அண்ணிய இன்னிக்கு அனுப்புவீங்களா, நாளைக்கா?”

“வாயில ஊசி இருக்கு, பேச வைக்காதே,” என்றாள் தையல்காரச் சித்தி.

அண்ணிதான் மாடல். ஆரஞ்சு நிறத்தில் ஏழு அடுக்குப் பாவாடை. அது மேலே மிதந்து முகத்தை மூடிவிடக் கூடாதென்று ஓரம் முழுக்க ஈயக்குண்டு வைத்துத் தைத்திருந்தது. அவ்வளவு கனத்தோடு நீந்த முடியாது. அதனால்தான் இடுப்பில் கொக்கியோ நாடாவோ இல்லாமல், இழுத்தால் பிய்ந்து வரும் ஒரு வெல்க்ரோ பட்டை மட்டும். மூச்சு முட்டினால் ஒரே இழுப்பு. பாவாடை அடியில் கிடக்கும், உள்ளே நீச்சலுடை போட்டிருக்கும் அண்ணி மேலே வந்துவிடுவாள்.

“ஒரு தடவ பிச்சுப் பாத்துட்டு இறக்கலாம்,” என்றான் அண்ணன். இடுப்பில் கத்தரிக்கோலோடு தண்ணீருக்குள் காவல் இருப்பது அவன் வேலை.

“காலையில மூணு தடவ பிச்சுப் பாத்தோமே. திரும்பக் கட்ட அஞ்சு நிமிஷம் ஆகும். வெயில் எனக்காக நிக்காதுண்ணா.”

“இறங்கப் போறது என் பொண்டாட்டி.”

“எனக்கும் அண்ணிதான்.”

“நீங்க பாகம் பிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் இறங்குறேன்,” என்றாள் அண்ணி.

சிரித்தார்கள். பிய்த்துப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு முழுக்கும் சுமார். கரைக் கம்பியைப் பிடித்தபடியே இறங்கி, அதைப் பிடித்தே ஏறினாள் அண்ணி. மூன்றாவதற்குக் குறி பார்த்தபோது அண்ணனின் கால் படத்துக்குள் தெரிந்தது. தள்ளிப் போ என்று கை காட்டினாள் போட்டோக்காரி. அவன் தயங்கி, நாலு முழம் விலகினான். இந்தத் தடவை அண்ணி கம்பியை விட்டுவிட்டு நடுக்குளத்தில் இறங்கினாள்.

பத்தடி ஆழத்தில் பாவாடை விரிந்தது. வெயில் அடுக்கடுக்காக உள்ளே புகுந்தது. போட்டோக்காரி எதிரே முங்கி நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். அண்ணியின் கை இடுப்புக்குப் போனது. மூச்சு முடிந்தது போல, வரட்டும். இழுத்தாள். பாவாடை அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அதையும் இவள் படம் எடுத்தாள்.

மூன்றாவது இழுப்பில் அண்ணியின் கண்கள் கேமராவை விட்டு இவளை நேராகப் பார்த்தன.

கேமராவை அப்படியே விட்டாள். பாய்ந்து போய்ப் பட்டைக்கடியில் விரல் விட்டாள். நூல் விரலை அறுத்தது. நூலா? இங்கே ஏது நூல்? அண்ணியின் வாயிலிருந்து ஒரு பெரிய குமிழி கிளம்பியது. இவள் அண்ணியின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தரையை உதைத்தாள். ஓர் அடி ஏறினார்கள். ஈயம் கீழே இழுத்தது. அதற்குள் அண்ணனின் கை குறுக்கே வந்தது. கத்தரி இரண்டு கடி கடித்தது. பாவாடை கழன்று இறங்க, மூன்று பேரும் மேலே வந்து கரையில் விழுந்தார்கள்.

அண்ணி கரையில் குப்புறப் படுத்து இருமினாள். அவள் முதுகில் வைத்த கையை அண்ணன் எடுக்கவே இல்லை. தங்கச்சியின் பக்கம் திரும்பவும் இல்லை.

“பட்ட வாயப் பொளந்துகிட்டு நின்னுச்சு,” என்றாள் சித்தி. “படத்துல அசிங்கமாத் தெரியுமேன்னு இப்பத்தான் நாலே நாலு தையல் போட்டேன்.”

“நீங்க தச்சது தப்புன்னா, பாக்காம இறக்கினது நான் சித்தி,” என்றாள் போட்டோக்காரி.

குளத்தில் வெயில் சாய்ந்துவிட்டது.

“மன்னிச்சிருங்க அண்ணி. இன்னிக்குப் போதும்.”

“உனக்குப் போதாது,” என்றாள் அண்ணி, துண்டுக்குள்ளிருந்து. “சித்தி, அதத் தச்சுக் குடுங்க. பட்ட மட்டும், வேற தையல் வேணாம். இவ போட்டுக்கிட்டு இறங்கட்டும்.”

அண்ணன் அடியிலிருந்து எடுத்து வந்த பாவாடையைச் சித்தி தைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பாவாடையை உடுத்தியதும் போட்டோக்காரி கரையிலேயே ஒருமுறை பிய்த்துப் பார்த்தாள். திரும்பக் கட்ட அஞ்சு நிமிடம். யாரும் அவசரப்படுத்தவில்லை. அண்ணன் கையெட்டும் தூரத்தில் கூடவே இறங்கினான். கால் தரையில் பட்டது. துணியின் கனம் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தது. அண்ணிக்கு இப்படித்தான் இருந்திருக்கும். பட்டையை இழுத்தாள். விட்டுக்கொடுத்தது.

மேலே வந்து கம்பியைப் பிடித்தாள். அண்ணி கரையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னொரு தடவ இறங்கு,” என்றாள் அண்ணி.